ஒரே மாதிரி இரண்டு போத்தல்கள்

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் எண்ணெய் எப்படி வளர்ந்தது என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த கதை உங்கள் கணினியில் படம் படமாக இருக்கிறது. அதில் பாதி நான் செய்ததுதான், ஆகவே அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் எனக்குத் தெரியும். அது உங்களுக்கு எப்படியும் கிடைத்துவிடும். நான் எழுதப்போவது வேறு. புக்கிட் தெங்கா ஆலையில் பொருள் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நான், என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு மனிதரை மருத்துவமனையில் படுக்க வைத்த கதை அது.

பொருள் மேலாளர் என்றால் என்ன வேலை என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். என் அம்மா கடைசிவரை கேட்டார்.

"எண்ணெய் நீயா ஆட்டுற?"

"இல்லம்மா."

"நீயா கொண்டுபோயி விக்கிற?"

"இல்லம்மா."

"அப்ப எதுக்குடி உனக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க?"

ஒரு பொருளுக்கு என்ன பெயர், என்ன போத்தல், என்ன நிறம், எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கத்தான் சம்பளம். ஆலை உங்கள் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, விற்பனைப் பிரிவும் கேட்க வேண்டியதில்லை. எல்லோரிடமும் கெஞ்சிக் கூத்தாடித்தான் காரியம் நடக்கும். ஆனால் தப்பு நடந்துவிட்டால் மட்டும் அத்தனை விரலும் ஒரே நாற்காலியைக் காட்டும். இது தனியாள் வேலை. நூறு பேர் இருக்கும் கட்டடத்தில் உட்கார்ந்து செய்கிற தனியாள் வேலை.

எனக்குத் தனிமை புதிதல்ல. அம்மா போன பிறகு ஜோர்ஜ்டவுனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும்தான். காலையில் கடல் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவேன், மாலையில் திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் நாலு பேரிடம் பேசுவேன். அலுவலகத்தில் 'ஸ்டெல்லா அக்கா' என்று கூப்பிட நிறைய பேர் இருந்ததால் அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைச் சரக்குப் பிரிவின் குமாஸ்தா நாற்காலியிலிருந்து இந்த வேலைக்கு இழுத்து வந்தவர் அப்போதைய பொது மேலாளர். பெயர் வேண்டாம், பாஸ் என்றே சொல்கிறேன். "ஒரு பொருளுக்கு ஒரு ஆள்தான் பொறுப்பு. ரெண்டு பேர் பொறுப்புன்னா யாருக்குமே பொறுப்பில்ல" என்பார். அதற்காகவே மேலிடத்தோடு சண்டை போட்டு ஒரு படிவம் உண்டாக்கினார். பொருள் மேலாளர் அதில் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தப் பொருள் ஆலையைவிட்டு ஒரு பெட்டிகூட வெளியே போகாது, வெளியே போனதும் திரும்பி வரும். வேறு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. அந்தப் படிவம் என் மேசை இழுப்பறையில் வெறுமையாகவே பல வருடம் கிடந்தது.

இனி என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன்.

நம் சின்னம் வாத்து. ஏன் வாத்து என்று ஆலையில் ஒருவருக்கும் தெரியாது, தொடங்கியவருக்குப் பிடித்திருக்கும் போல. நிறுவனத்தின் பெயரை யாரும் சொல்வதில்லை. தமிழர்கள் 'வாத்து எண்ணெய்' என்பார்கள், மலாய்க்காரர்கள் அதையே தங்கள் மொழியில் 'சாப் இத்தேக்' என்பார்கள். அந்த வாத்தின் கீழ் அப்போது இரண்டு முக்கியமான பொருள்கள் இருந்தன. ஒன்று சமையலுக்கு நல்லெண்ணெய், உயரமான போத்தல், பச்சை மூடி. இன்னொன்று சாமி விளக்குக்கு ஊற்றும் தீப எண்ணெய், குட்டையான மஞ்சள் போத்தல், சிவப்பு மூடி. தீப எண்ணெய் சாப்பிடுகிற பொருளல்ல. புகை வராமல் எரிவதற்கும் வாசனைக்கும் என்னென்னவோ கலந்தது. அந்த மஞ்சள் போத்தல் பார்க்கக் கண்ணராவியாக இருக்கும். கடை அடுக்கில் இரண்டும் அண்ணன் தம்பி போலவே தெரியாது.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டையும் ஒரே குடும்பமாகக் காட்டத் தீர்மானித்தேன். ஒரே அழகான போத்தல், ஒரே பொன்னிற மூடி, நடுவில் பெரிய வாத்து. போத்தல் வார்க்கும் அச்சும் ஒன்றே போதும் என்று ஆலைக்கு மகிழ்ச்சி. பெயர் மட்டும் அடியில் ஒரு வரியில் மாறும். பின்பக்கம் 'சமையலுக்கு அல்ல' என்று மூன்று மொழிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். கூட்டத்தில் இரண்டு போத்தல்களையும் மேசைமேல் வைத்து, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் சிரிக்கும் ஒரு படத்தையும் திரையில் காட்டினேன். கை தட்டினார்கள்.

தட்டி முடிந்ததும் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. "ரெண்டும் மாறிப் போயிடாதா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான், அதை மறக்காதீர்கள்.

விற்பனைத் தலைவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், நல்ல பையன். அவர்தான் சிரித்தார். "அக்கா, உங்க வீட்டுல மெழுகுவத்தி. எங்க வீட்டுல சாமி ரூம் தனி, குசினி தனி. சாமி எண்ணெய யாராச்சும் அடுப்புல ஊத்துவாங்களா? சாமி ரூமவிட்டு வெளியவே வராது லா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறையில் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரி நான் ஒருத்திதான். சாமி அறைச் சங்கதியில் நான் என்ன சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள், ஒத்துப் போய்விட்டேன். தெரியாத விஷயத்தைக் கேட்கிறவளுக்குத்தான் சில நேரம் சரியான கேள்வி வரும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

புதுப் போத்தல் கடைக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கும் பெண் என் தொலைபேசிக்கு ஒன்றை மாற்றிவிட்டாள். "அக்கா, ருசி கம்ப்ளெயின். தமிழ்ல மட்டும்தான் பேசுறாரு, நீங்களே பேசுங்களேன்."

குரலில் வயது தெரிந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வு பெற்றவர் என்றார், ஜெலுத்தோங்கில் குடியிருப்பதாகச் சொன்னார். கோபமே இல்லை.

"முப்பது வருசமா வாத்து எண்ணெய்தாம்மா. வேற தொட்டதில்ல. இப்ப புதுப் போத்தல் போட்டதுல இருந்து ருசி கெட்டுப்போச்சு. ஒரு மாதிரி சோப்பு வாசம் வருது. பழையபடி செஞ்சு குடுங்கம்மா."

எண்ணெய் மாறவில்லை, போத்தல்தான் மாறியது என்று பதமாக விளக்கினேன். இப்படிப்பட்ட அழைப்புகள் எப்போதும் வரும். போத்தல் மாறினால் நாக்கும் மாறியதாகத் தோன்றும் என்று நாங்கள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்போம். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைச் சமாதானப்படுத்துவதுபோல ஒன்று சொன்னார்.

"ஆனா சாமி எண்ணெய் இப்பத்தாம்மா ரொம்ப நல்லா இருக்கு. விளக்கு ஏத்துனா நம்ம பழைய நல்லெண்ணெய் வாசமே வருது."

அப்படியானால் அடுப்பில் எது? நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"அண்ணே, போத்தல்ல கீழ என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

"நான் படிக்கலம்மா. நம்பர் தெரியும், வாத்து தெரியும். ரெண்டுலயும் வாத்துதான் இருக்கு."

"உடம்பு எப்படி இருக்கு?"

"வயிறுதான் சரியில்ல. நாலஞ்சு நாளா போய்க்கிட்டே இருக்கு. அது வயசுக் கோளாறு."

"அண்ணே, ரெண்டு போத்தலையும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில நானே வர்றேன்."

"அப்ப விளக்கு? இன்னிக்கு வெள்ளிக்கிழமம்மா."

வீட்டு விவரத்தை வாங்கிக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே வண்டியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன். படிவம் இருந்தது, பேனாவும் இருந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் நான் செய்தது என்ன தெரியுமா? தொலைபேசியில் பேசினேன்.

விற்பனைத் தலைவர் சொன்னார்: "ஒரே ஒரு ஆளு அக்கா. வயசானவரு, படிக்கத் தெரியாதவரு. நம்ம பின்னாடி தெளிவா எழுதியிருக்கோம். தீபாவளி நேரத்துல சாமி எண்ணெய நிறுத்தினா கடையில நம்ம அடுக்க வேற கம்பெனி பிடிச்சிக்கும். திரும்பக் கிடைக்காது லா." தரப் பிரிவில் கேட்டேன். எண்ணெயில் குறை இல்லை, ஆகவே அது எங்கள் சங்கதி இல்லை என்றார்கள். பாஸ் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தார். நாலாவது தடவைதான் எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. "ஸ்டெல்லா, திங்கக்கிழம வந்துடறேன். உக்காந்து பேசலாம். அவசரப்படாத" என்றார்.

ஐந்து மணிக்குச் சுங்கைப்பட்டாணிக்கும் ஈப்போவுக்கும் போகும் லோரிகள் தீபாவளிச் சரக்கோடு கிளம்பின. ஜன்னலருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிவம் மேசைமேல் வெறுமையாக இருந்தது.

அன்று எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அனுமதி கேட்டுத்தான் அத்தனை பேரையும் அழைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுமதி என் கையிலேயே இருந்ததே. நான் தேடியது துணை. யாராவது ஒருவர் 'ஆமாம் ஸ்டெல்லா, போடு கையெழுத்த' என்று சொல்லிவிட்டால் அந்த முடிவில் இரண்டு பேர் இருப்போம் அல்லவா? நீங்களும் ஒருநாள் இப்படி ஒருவர் மாற்றி ஒருவருக்கு அழைப்பீர்கள். மூன்றாவது அழைப்பு போடும்போது என்னை நினைத்துக்கொண்டு தொலைபேசியைக் கீழே வையுங்கள்.

மறுநாள் காலையில் ஜெலுத்தோங் போனேன். மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறைக்கு மேலே ஒரு மாடி, அதில் வரிசையாக வாடகை அறைகள். கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது. அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். முந்தின நாள் குரலில் இருந்த தெம்பு உடம்பில் இல்லை. உதடு வெடித்திருந்தது.

"கம்பெனியில இருந்து நெசமாவே வந்துட்டீங்களா? இருங்கம்மா, டீ போடறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

அறையைப் பார்த்தேன். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. கட்டிலைவிட்டால் ஒரு மேசை. மேசையின் ஒரு முனையில் கேஸ் அடுப்பு, மறு முனையில் முருகன் படமும் ஒரு சின்ன விளக்கும். நடுவில் இரண்டு போத்தல்கள், பொன்னிற மூடி, பெரிய வாத்து. இரண்டையும் கையில் எடுத்தேன். வடிவமைத்தவள் நான், அச்சுக்கு ஒப்புதல் தந்தவள் நான். அந்த மங்கலான வெளிச்சத்தில் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டு அடியில் இருந்த வரியைத் தேட வேண்டியிருந்தது.

சாமி அறை தனி, குசினி தனி என்று நாங்கள் சிரித்தோமே, எங்கள் எல்லோர் மனத்திலும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் குறைந்தது நாலு அறை. இந்த மனிதருக்கு இருந்தது ஒரு மேசை. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. கீழே பட்டறையில் இருந்த இருவரைக் கூப்பிட்டு, அவரைத் தாங்கி இறக்கி, என் காரில் ஏற்றி அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அவசரப் பிரிவில் ஒரு தாதி மலாயில் கேட்டாள், நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று. உறவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. "எண்ணெய் கம்பெனி" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உறவு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள்.

உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது என்றார் மருத்துவர். இந்த வயதில் இன்னும் இரண்டு நாள் அப்படியே தனியாகக் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். மருத்துவர் நகர்ந்ததும் தாழ்வாரத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். தீப எண்ணெய் முழுவதையும் நிறுத்தச் சொல்லியும், கடைகளில் இருப்பதை எல்லாம் திரும்ப எடுக்கச் சொல்லியும், படிவத்துக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியில் எழுதி, அடியில் என் பெயரைப் போட்டுக் கிடங்குக்கும் மற்ற எல்லோருக்கும் அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

விற்பனைத் தலைவர் உடனே அழைத்தார். "அக்கா, யாரு ஓகே பண்ணது?"

"நான்."

"பாஸ் என்ன சொன்னாரு?"

"பாஸ்கிட்ட கேக்கல தம்பி. நான் மட்டும்தான்."

"சரி அக்கா" என்று வைத்துவிட்டார். ஆனால் அந்த வார இறுதி முழுவதும் வண்டியில் போய்ப் போத்தல்களை எடுத்து வந்ததும் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் தீபாவளிக்குக் கடைகளில் வாத்துத் தீப எண்ணெய் இல்லை. கைவிட்டுப் போன கடை அடுக்குகளில் பாதி இன்றுவரை திரும்பவில்லை. எண்ணெயை நிறுத்திய செய்தி கேட்டு மூன்று பேர் தொலைபேசி செய்தார்கள், எங்களுக்கும் வயிற்றுக்கு ஆகவில்லை என்று. ஒருவர் ஆலைக் காவலாளி, ஒருவர் கணவனை இழந்த பெண்மணி, ஒருவன் வாடகை அறையில் தங்கிப் படிக்கிற மாணவன். மூவரும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். மூவரும் தப்பிவிட்டார்கள். அந்த மாணவன் வாங்கிய போத்தல் வெள்ளிக்கிழமை ஐந்து மணி லோரியில் போனது. பெட்டி எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

பாஸ் திங்கட்கிழமை வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சரியாத்தான் செஞ்ச. ஆனா வெள்ளிக்கிழமையே செஞ்சிருக்கணும்."

"நீங்கதானே பாஸ் அவசரப்படாதன்னு சொன்னீங்க."

"நான் கல்யாண மண்டபத்துல நின்னுக்கிட்டிருந்தேன் ஸ்டெல்லா. அந்த ஆளோட குரலக் கேட்டது நீ. அப்புறம் என்னை ஏன் கேட்ட?"

நியாயம்தான், கொஞ்சம் அநியாயமும்கூட. அதன்பிறகு அவர் என்னிடம் வேலை விஷயம் மட்டுமே பேசினார். தன் சொல்லும் தப்பாகிவிட்டது என்பதை என்னைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்திருப்பார் போல. மத்தியானச் சாப்பாட்டு மேசையிலும் என் பக்கத்து நாற்காலி மெதுவாகக் காலியானது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். தீப எண்ணெய் அடுத்த வருடம் பழைய மஞ்சள் போத்தலிலேயே வெளிவந்தது. இன்றைக்கும் அது அழகாக இல்லை. அதை மாற்றலாம் என்று உங்களில் யாருக்காவது யோசனை வந்தால் முதலில் இந்தக் கடிதத்தை ஒருமுறை படியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. தப்பு எங்களுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. "படிக்காதது என் தப்பும்மா" என்றார். அப்போதுதான், சனிக்கிழமையிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டேன்.

"அண்ணே, மூணு வாரம் எப்படிச் சாப்பிட்டீங்க? முதல் வாய்லயே அந்த வாசம் தெரிஞ்சிருக்குமே?"

"முதல் நாளே தெரிஞ்சிச்சும்மா."

"அப்புறம் ஏன்?"

"நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். வயசாச்சுல்ல. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா, இந்தா ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு, சரியா இருக்கான்னு கேட்டிருப்பேன்." போர்வையின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டார். "யாரக் கேக்கறது? அதான் போத்தல்ல இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்."

நான் திரையில் காட்டிய படத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த வீட்டில் போத்தல் மாறியிருந்தால் கடைசிப் பிள்ளை முதல் வாயிலேயே துப்பியிருக்கும். என்னம்மா இது நாத்தம் என்று கேட்டிருக்கும், சட்டியோடு கொட்டியிருப்பார்கள். அவர்களுக்கு என் போத்தல் ஒன்றும் செய்திருக்காது. இனிமேல் யாராவது உங்களிடம் குடும்பப் படம் காட்டினால், அதில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். அந்த ஒருவருக்கும் அந்தப் பொருள் சரியாக வந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்பு கூடிவிட்டதுபோல் இருந்தது. இன்னொரு வாய் வைத்தேன், குறைவதுபோல் இருந்தது. எது சரி என்று கேட்க நிமிர்ந்தேன். எதிர்நாற்காலியில் என் கைப்பைதான் இருந்தது. அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.